கடவுளிடம் மல்லுக்கு நின்ற பஞ்சர் அக்கா

பஞ்சர் அக்கா வேண்டிக்கொள்கிற விதத்தைக் கேட்டால் பக்திமான்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"இந்தா பாரு, காதுல விழுதா? இன்னைக்கு அவர் முதுகுல புண்ணு வரக்கூடாது. அவ்வளவுதான். மாட மாளிகையா கேட்டேன்? புண்ணு மட்டும் வரட்டும், உன்னைச் சும்மா விடமாட்டேன்."

குமிழி வந்த இடத்தில் விரலை வைத்து, டியூபை வெளியே இழுத்துத் துடைத்து, அரத்தால் தேய்க்க ஆரம்பிப்பாள். புதிதாக வருகிறவர்கள் யாரைத் திட்டுகிறாள் என்று சுற்றிலும் பார்ப்பார்கள். பழகியவர்கள், "அக்கா மேலிடத்தோட பேசிட்டிருக்கு, கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்துவார்கள்.

கடை முன்னால், வீடு பின்னால். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவள் புருஷன். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதே ஒருநாள் சரிந்து விழுந்தவர். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். நான் நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். நர்ஸம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

முதல் நாளே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது.

"லாரி டயரைப் புரட்டுறவளுக்கு இவரைப் புரட்டத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே செத்துப்போன கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"கையை விடு! தோள்பட்டை கழண்டு வந்துரும். இது டயர் இல்ல, மனுஷன்."

"டயரா இருந்தா இந்நேரம் ஓடியிருக்குமே, நர்ஸம்மா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். அப்போதே தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் ஆள் பிழைப்பான் என்று.

எல்லாம் கற்றுக்கொண்டாள். இடுப்பிலும் தோளிலும் கை கொடுத்துத் திருப்புவது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைப்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சாப்பாடு. அவருக்கு விழுங்குவதில் கோளாறு. தண்ணீரை அப்படியே கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அதனால் எதைக் கொடுத்தாலும் கெட்டிப் பொடி கலந்து, தேன் மாதிரி ஒழுகும் பதத்துக்குக் கொண்டுவந்து, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைக் கீழே இறக்கி, நல்ல பக்கமாக ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் முழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். "தண்ணி அவருக்கு விஷம்னு நினைச்சுக்கோ" என்று சொல்லிவைத்திருந்தேன்.

இனி அவர் வாயில் மிஞ்சிய அந்த ஒரே சொல்லுக்கு வருகிறேன்.

மூளையில் பேச்சு இருக்கிற இடம் அடிபட்டால், யோசித்துப் பேசுகிற சொற்கள் அழிந்துபோகும். யோசிக்காமல் வாயிலிருந்து விழுகிற சொல் ஒன்றோ இரண்டோ தப்பிக்கும். எது தப்பிக்கும் என்பது நோயாளியின் கையில் இல்லை. நான் பார்த்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு 'உக்காரு' மட்டும் மிஞ்சியது. பெண்டாட்டி இறந்துபோனாள் என்று சொன்னபோதும் அவர் 'உக்காரு, உக்காரு' என்றுதான் அழுதார்.

பஞ்சர் அக்காவின் புருஷனுக்கு மிஞ்சியது 'எழவு'.

அந்த மனுஷன் அதற்கு முன் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. பக்கத்துத் தெருப் பிரார்த்தனைக் கூடத்தில் முன்னால் நின்று வேண்டுதல் சொல்பவர். சுத்தியல் விரலில் விழுந்தால்கூட 'கடவுளே' என்பதைத் தாண்டி வாயைத் திறக்காதவர். "இந்த வீட்டுக்குத் தேவையான கெட்ட வார்த்தையெல்லாம் நானே பேசிக்கறேன், அவருக்கு எதுக்கு சிரமம்" என்பாள் அக்கா. அப்பேர்ப்பட்டவர் இப்போது பசித்தால் எழவு, புரட்டிவிட்டால் எழவு, சூரியன் ஜன்னல் வழியே முகத்தில் விழுந்தால் எழவு. பாட்டு வருமா என்று பாடச் சொல்லிப் பார்த்தேன், சிலருக்கு வரும். இவருக்கு ராகம் போட்டு அதே எழவுதான் வந்தது.

அக்கா கூரையைப் பார்த்துக் கத்தினாள். "ஒரே ஒரு வார்த்தைதான் விட்டுவைக்கப் போறேன்னா நல்லதா ஒண்ணு விட்டு வைக்கத் தெரியாதா உனக்கு? என் பேரை விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

ஆனால் பிறகு பிடித்துக்கொண்டாள். சட்டென்று சொன்னால் தாகம். இழுத்துச் சொன்னால் புரட்டு. சிரித்துக்கொண்டே சொன்னால், நீ நல்லா இருக்கியா என்று அர்த்தமாம். சின்னச் சின்னக் கேள்வி கேட்டால் அவருக்குப் புரியும். சரி என்றால் இடது கையை மூடுவார், வேண்டாம் என்றால் விரித்து வைப்பார். இது போதும் ஒரு குடும்பம் நடத்த. நிறையப் பேசுகிற புருஷன் பெண்டாட்டிகளிடம் இவ்வளவுகூட நான் பார்த்ததில்லை.

அதைக் கெடுத்தது அவருடைய அக்காள்.

நாத்தனார் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பிரார்த்தனைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பதும் அவள்தான். வாரம் ஒருமுறை கூடத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெயிண்ட் கடைக்காரர். தம்பி படுத்துவிட்ட பிறகு முன்னால் நின்று வேண்டுதல் சொல்பவர். கட்டிலைச் சுற்றி நின்று கண்ணை மூடிக் கடவுள் பெயரைச் சொல்லுவார்கள். நோயாளிக்கும் ஆசை, தானும் சேர்ந்து சொல்ல. முகமெல்லாம் மலர்ந்து, முழு மூச்சையும் சேர்த்து, சத்தமாகச் சொல்லுவார்.

"எழவு!"

"பாத்தீங்களா? கடவுள் பேரைச் சொன்னா உடனே வருது" என்றாள் நாத்தனார், முகம் வெளுத்து. "என் தம்பி வாயில இந்த வார்த்தை வருமா? இது அவன் பேசலம்மா. உள்ள வேற ஏதோ உக்காந்துக்கிட்டுப் பேசுது."

"உள்ள உக்காந்திருக்கறது உங்க தம்பிதான் அண்ணி. வெளிய வர வழியில்லாம உக்காந்திருக்காரு" என்றாள் அக்கா.

மூளை, நரம்பு என்று நானும் எளிமையாக விளக்கினேன். பெயிண்ட் கடைக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"மாத்திரை மருந்து எல்லாம் சரிங்கம்மா. ஆனா இது மருந்துக்குக் கட்டுப்படற விஷயம் இல்ல. வீட்டுல இருக்கறவங்க நம்பிக்கை உறுதியா இருந்தா, எப்பவோ எழுந்து நடந்திருப்பாரு."

"அதான் நானும் சொல்றேன். உனக்கு நம்பிக்கை போதல" என்றாள் நாத்தனார்.

இந்தப் பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! வந்து ஒரு மணி நேரம் நிற்பார்கள். மலம் அள்ளியிருக்கமாட்டார்கள், விரிப்பு துவைத்திருக்கமாட்டார்கள். இரவும் பகலும் அள்ளித் துவைத்து நிற்கிறவளைப் பார்த்து உனக்கு நம்பிக்கை போதாது என்பார்கள். கடவுளை நம்புகிறவள்தான் நானும். நம்பாமல் இந்த வேலையில் தலை நரைக்கும்வரை இருந்திருக்க முடியாது. அதனால்தான் எனக்கு இவர்கள்மேல் இவ்வளவு ஆத்திரம்.

அக்கா கையில் டயரை நெம்பிக் கழற்றுகிற இரும்பு லிவர் இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டாள். "என் நம்பிக்கையை அளக்க எந்த மீட்டர் வெச்சிருக்கீங்க, அண்ணி? காத்தடிக்கிற மீட்டரா? கொண்டாங்க, கடையில மாட்டி வைக்கறேன்."

அதோடு நின்றிருந்தால் வாய்ச்சண்டையாகப் போயிருக்கும்.

ஒருநாள் மதியம் லாரி ஒன்று வந்து நின்றது. பெரிய டயர். கழற்றவே ஆளை முறிக்கும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, காதில் வேறு எதுவும் விழாது. நாத்தனாரும் பெயிண்ட் கடைக்காரரும் இன்னும் சிலரும் பின்கதவு வழியாக உள்ளே போனதை அக்கா பார்க்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும். வேண்டுதல் செய்து வைத்த தண்ணீர் ஒரு செம்பு கொண்டு வந்திருந்தார்கள். அதைக் குடித்தால் உள்ளே இருப்பது கிளம்பிவிடுமாம், நாக்குக் கட்டு அவிழுமாம்.

ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இருமியிருந்தால்கூடப் பயந்துபோய் நிறுத்தியிருப்பார்கள். அவருக்கு இருமக்கூட வலு இல்லை. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்கு இறங்கியது.

வழக்கமாகப் பார்க்க வருகிற நேரத்துக்குத்தான் நான் போனேன். திரையை விலக்கும் முன்பே அந்தக் குரல் கேட்டது. எழவு என்றுதான் சொன்னார். ஆனால் தொட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, கொழகொழவென்று, குமிழி உடைகிற குரல்.

"குரல் மாறுது! மாறுது! போகுது, விடாம சொல்லுங்க!" என்று பெயிண்ட் கடைக்காரர் உற்சாகமாகக் கத்தினார். ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. நோயாளியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

நான் பெயிண்ட் கடைக்காரரைத் தள்ளிவிட்டுக் கட்டிலருகே போனேன். என் வயதில் தள்ளக்கூடாதுதான், தள்ளினேன். நோயாளியை நல்ல பக்கமாகச் சாய்த்து, வாயைத் துடைத்து, வந்ததையெல்லாம் வெளியே வடிய விட்டு, முதுகைத் தட்டினேன். "அக்கா!" என்று கத்தியது கம்ப்ரசரைத் தாண்டி அவள் காதில் விழுந்தது. கையெல்லாம் கறுப்பாக வந்து நின்றாள். தரையில் உருண்டு கிடந்த செம்பைப் பார்த்தாள்.

"வெளிய" என்றாள். எல்லோரும் போனார்கள். கத்தியிருந்தால்கூட அவ்வளவு வேகமாகப் போயிருக்கமாட்டார்கள்.

மறுநாளே காய்ச்சல். நிமோனியா. மருத்துவமனையில் மூக்கில் ஆக்சிஜன், கையில் ஊசி, வயிற்றுக்கு ஒரு குழாய். டாக்டர் பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, பிழைக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை.

அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து வார்டில் கிடந்தாள். முதல் சில நாட்கள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, மேலே இருப்பவரிடம்கூட. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டுகிறவரைக்கும் அவளைப்பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒருநாள் காலையில் வராந்தாவில் கை கழுவுகிற தொட்டியருகே நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் நின்றாள். நான் போய்க் குழாயை மூடினேன்.

"முடியல நர்ஸம்மா" என்றாள். "எங்கயாவது கொண்டுபோய் விட்டுரலாமான்னு இருக்கு. அண்ணி கேக்கறாங்க. ஏதோ பிரார்த்தனை இல்லம் இருக்காம், அங்க எல்லாரையும் பாத்துக்குவாங்களாம். விட்டுட்டு ஒரு நாள் படுத்துத் தூங்கணும்."

அந்த இல்லத்தை எனக்குத் தெரியும். போன உடனே மாத்திரையை நிறுத்துவார்கள், மாத்திரை நம்பிக்கைக் குறைச்சலாம். நாலு பேரை ஒரு பாயில் கிடத்துவார்கள். புரட்டுவதற்கு ஆள் கிடையாது. நான் அதைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, எனக்கு வராது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, போகப் போக வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி.

"எங்க இருந்த நீ? உன் பேரைச் சொல்லித்தான ஊத்துனாங்க! உன் பேரைச் சொல்லிக் கொல்லப் பாத்தாங்க, நீ வேடிக்கை பாத்துட்டு நிக்கற! வாய் திறந்து வேணாம்னு சொல்ல உனக்கும் நாக்கு விழுந்துபோச்சா? என்கிட்ட என்ன வலு இருக்குன்னு இத்தனையும் என் தலையில போட்ட? கேக்கறேன்ல, சொல்லு!"

ஒரு ஆயா ஓடிவந்து, "ஏம்மா, சாமியைப் போய் இப்படியெல்லாம் பேசலாமா?" என்றாள்.

"இருக்கறதாலதான பேசறேன்!" என்று அக்கா அவள்மேல் பாய்ந்தாள். "இல்லாத ஆள்கிட்ட எவளாவது கத்துவாளா? எனக்குன்னு கத்தறதுக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான், அதையும் கேக்கறியா நீ?"

அழுதாள், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். பிறகு எழுந்து குழாயைத் திறந்து, முழங்கைவரை சோப்புப் போட்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரி நகக்கண் விடாமல் கழுவினாள்.

"புரட்டற நேரம் ஆச்சு" என்றாள்.

கடவுள் அவளுக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வராந்தாவுக்குப் போன ஆளும் வார்டுக்குத் திரும்பி வந்த ஆளும் வேறு வேறு, அது மட்டும் நானே கண்ணால் பார்த்தது.

காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நாத்தனாரும் பெயிண்ட் கடைக்காரரும் வேனோடு வந்து நின்றார்கள்.

"எங்க வேண்டுதல்தான் காப்பாத்துச்சு. இனிமே இவன் இல்லத்துல இருக்கட்டும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்கு உரிமை இல்லையா?" என்றாள் நாத்தனார்.

"வளர்த்தீங்க, இல்லேங்கல. வளர்த்தா கொல்றதுக்கும் உரிமை வந்துருமா?"

பெயிண்ட் கடைக்காரர் சமாதானமாக, "கோபத்துல பேசாதீங்கம்மா. கடவுள் சித்தம் எதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"கோபத்துலதான் பேசுவேன். கடவுள் சித்தம் உங்களுக்கு மட்டும் தனியா போன் பண்ணிச் சொல்லுச்சா? இந்த மனுஷன் உங்க கூட்டத்துல முன்னாடி நின்னு இத்தனை காலம் கடவுளைக் கூப்பிட்டாரு. இன்னைக்கு அவர்கிட்ட இருக்கறது ஒரே வார்த்தை. அந்த ஒண்ணையும் வெச்சுத்தான் கூப்பிடறாரு. கடவுளுக்கு அது புரியும். புரியாதது உங்களுக்குத்தான்." கட்டில் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களையே கேக்கறேன். உங்க அக்கா கூட அங்க போறீங்களா?"

வார்டு முழுவதும் அவருடைய இடது கையைப் பார்த்தது. அந்தக் கை மெதுவாக விரிந்தது. ஐந்து விரலும் விறைத்து, உள்ளங்கை தெரிய, அப்படியே நின்றது.

"நம்ம வீட்டுக்குப் போலாமா?"

கை மூடியது. கூடவே அந்தச் சொல்லும் வந்தது. பெயிண்ட் கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். நாத்தனார் பின்வாங்கவில்லை. தம்பியின் மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் காலியாகப் போனது.

வீட்டுக்கு வந்து, வயிற்றுக்குப் போன குழாயை எடுத்து, கரண்டியில் மறுபடி பழக்கத் தொடங்கிய சமயம், நாத்தனார் தனியாக வந்து கடை வாசலில் நின்றாள்.

அக்கா டயரிலிருந்து நிமிரவில்லை. "காத்தடிக்கணுமா?"

"இல்லம்மா."

"அப்ப ஓரமா நில்லுங்க, வண்டி வருது."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. கடை வேலையையும் கட்டிலையும் ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. கடைசியில் அக்காதான் சொன்னாள்.

"எனக்கு ஆள் வேணும் அண்ணி. அழுகறதுக்கு இல்ல, வேலைக்கு. கையைக் கழுவிட்டு உள்ள போங்க. நர்ஸம்மா சொல்றதைத் தவிர வேற ஒண்ணும் செய்யக்கூடாது. செஞ்சீங்கன்னு வைங்க..." மீதியைக் கையிலிருந்த லிவர் சொன்னது.

நான் கற்றுக்கொடுத்தேன். கெட்டிப் பொடி கலக்கச் சொன்னேன், கட்டி தட்டியது, கொட்டிவிட்டு மறுபடி கலக்கவைத்தேன். நாத்தனார் கரண்டியை எடுத்துத் தம்பியின் வாயருகே கொண்டுபோனாள். அவர் அவளைப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "எழவு" என்றார்.

அவள் உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது, கண் தானாக மூடியது.

"கண்ணைத் திறங்க அண்ணி!" திரையை விலக்கிக்கொண்டு அக்கா கத்தினாள், கையில் பாதி தேய்த்த டியூப். "வேண்டிக்கோங்க, யாரு வேணாம்னா? ஆனா கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வேண்டுங்க! தொண்டையைப் பாருங்க, முழுங்கிட்டாரான்னு பாருங்க!"

"கண்ணைத் திறந்துக்கிட்டு எப்படிம்மா வேண்டறது?"

"பின்ன நான் எப்படி வேண்டறேன்?"

நாத்தனார் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. தம்பியின் தொண்டையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கரண்டியை நல்ல பக்கமாக வாய்க்குள் வைத்தாள். தொண்டை மேடு மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது.

"இறங்கிருச்சு" என்றாள்.

"அப்ப அடுத்த கரண்டி" என்றேன் நான்.